கொழுப்பு: சுத்தமாக இல்லை

பட்டாசுக்குக் கொழுப்பு அதிகம் என்பது அந்தச் சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வது வேறு. அதை வெள்ளைத்தாளில் அச்சடித்து, நாலு மூலையிலும் டேப் ஒட்டி, கைகழுவும் தொட்டிக்கு மேலே பலகையில் மாட்டுவது வேறு.

"உடல்நலத் திட்டம். கொழுப்பு அதிகம் உள்ள பணியாளர்கள்" என்று தலைப்பு. கீழே ஆறு பணியாளர் எண்கள். முதல் எண் அவளுடையது. மற்ற ஐந்து பேருக்கும் எதிரில் வெறும் "அதிகம்". அவளுக்கு மட்டும் "மிக அதிகம்". அந்த "மிக"வைப் பார்த்ததும் அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறிவிட்டது.

"யார் ஒட்டினது இதை?"

துவைக்கும் இயந்திரங்களின் இரைச்சலையும் மீறி அந்தக் குரல் கூடத்தின் கடைசி வரை போனது. போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்பும் கூடம் அது. அவள் பதினேழு வருடமாக மடிப்பு மேசையில் நிற்கிறாள். ஒரு கோடையில் புகைபோக்கி விசிறி ஆறு வாரம் ஓடாமல் கிடந்தது. முதலாளி கூடத்தைப் பார்வையிட வந்தபோது எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, இவள் மட்டும் முன்னால் போய், "சார், மேல பாருங்க. அந்த விசிறி எங்களை மாதிரியே நிக்குது. நாங்களாவது கையை அசைக்கிறோம்" என்றாள். மூன்றாம் நாள் விசிறி சுற்றியது. அன்றைக்கு வந்த பெயர்தான் பட்டாசு. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

சத்தம் கேட்டு மேற்பார்வையாளர் வந்தார். இரைச்சலில் கூப்பிட்டால் காதில் விழாது என்று கழுத்தில் ஒரு விசில் மாட்டியிருப்பார். கழிப்பறையில் ஒரு நிமிஷம் கூடுதலாக இருந்தவரைத் திரும்ப அழைக்கவும் அதே விசில்தான். அதனால் அவர் எல்லாருக்கும் விசில் சார்.

"கத்தாதம்மா. நான் ஒண்ணும் எழுதி ஒட்டலை. கிளினிக்குலேர்ந்து வந்த பட்டியல். சயின்ஸ்" என்றார் விசில் சார், மீசைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"சயின்ஸ்னா கவர்ல போட்டுக் கொடுக்கணும் சார். இப்படிச் சுவத்துல ஒட்டி ஊருக்கே படிச்சுக் காட்டறதுக்கு இது என்ன சினிமா போஸ்டரா?"

"பார்த்தியா, பார்த்தியா. அறிக்கை சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் போனார். துண்டு மடித்துக்கொண்டிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சிரித்துவிட்டுப் போகட்டும். பட்டாசுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அந்த வார்த்தையில் வேறு ஒரு பயம் இருந்தது. அவள் வீட்டுக்காரரின் அண்ணன் நாற்பத்துநாலு வயதில், கையில் காய்கறிப் பையோடு, தன் வீட்டு மாடிப்படியில் விழுந்தார். பை உருண்டு கீழே போனது. ஆள் எழவில்லை. ரத்தக்குழாயில் கொழுப்பு அடைத்துவிட்டது என்று டாக்டர் பிறகு சொன்னார். ஒல்லியான மனிதர், ஒருநாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. போன மாதம் கூடத்தில் பாதிப்பேருக்குக் காய்ச்சல் வந்து கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்களே, அதிலேயே இதையும் பார்த்திருப்பார்கள் என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்காரரும் அங்கேதான் வேலை. சன்னலோரம் ஒரு தையல் இயந்திரம், முதுகுச் சாய்வு இல்லாத ஒரு ஸ்டூல். கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப்போடுவது அவர் பொறுப்பு. காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டு விசிலுக்குத்தான் எழுவார். அடுத்து வீட்டுக்குப் போகும் விசிலுக்கு. யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவார். மற்றவர்களின் கிழிசலை எல்லாம் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாலும் "வச்சிட்டுப் போங்க" என்பார். அவருக்குப் பெயர் பஞ்சு.

பலகையில் இன்னொரு தாளும் இருந்தது. அதில் பஞ்சுவின் எண்ணுக்கு எதிரே "சுத்தமாக இல்லை" என்று எழுதி, பக்கத்தில் ஒரு பச்சை நட்சத்திரம் வேறு.

"உங்களுக்குச் சுத்தமா இல்லையாம்" என்று அன்று மாலை பஸ்ஸில் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அண்ணனுக்கு வந்தது தம்பிக்கு இல்லை.

"உனக்கு இருக்கறதுல எனக்கும் பாதி கொடுக்கலாம்ல?" என்றார் பஞ்சு. அவர் ஒரு வாரத்துக்குப் பேசுவதே அவ்வளவுதான். அதில் ஒரு கேலியும் இருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது.

பட்டியலில் இருந்த ஆறு பேருக்கும் மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். அட்டையைக் காட்டினால் கேன்டீனில் பொரித்தது கிடையாது. வேகவைத்த காய், பயறு, ஓட்ஸ் கஞ்சி, ஒரு பழம். சாப்பிட்டதும் லாரி நிற்கும் முற்றத்தைக் கால் மணி நேரம் சுற்றி நடக்க வேண்டும். அந்தக் கால் மணி நேரத்துக்கு விசில் ஊதக்கூடாது என்று கிளினிக்கின் கண்டிப்பான உத்தரவு.

முதல் வாரம் பட்டாசுக்கு உலகத்தின் மேலேயே கோபம். பக்கத்துத் தட்டில் கோழி பொன்னிறமாக உட்கார்ந்திருக்க, தன் தட்டில் பீன்ஸ் உப்புச் சப்பில்லாமல் படுத்திருந்தால் யாருக்குத்தான் வராது. ஆனால் மாடிப்படி நினைவுக்கு வரும்போதெல்லாம் பீன்ஸை மென்று விழுங்கினாள். இரண்டாம் மாதத்தில் நாக்கு பழகிவிட்டது. நடப்பதும் பிடித்துவிட்டது. கணுக்கால் வீக்கம் வடிந்தது. மாலையில் பஸ்ஸில் தூங்கி வழிவதும் நின்றது.

ஒருநாள் முற்றத்தைச் சுற்றும்போது அவளுக்கு ஒன்று உறைத்தது. இந்த ஆறு பேர் யார் யார்? ரசாயனம் கையில் படுகிறது, கையுறை கொடுங்கள் என்று கேட்டவள். லீவு ஏன் கிடையாது என்று காரணம் கேட்ட இஸ்திரிக்காரர். விசில் சாரின் பிறந்தநாளுக்குக் கைதட்டாத லாரி டிரைவர். மற்ற இரண்டு பேரும் இந்த ரகம்தான்.

"ஏங்க டிரைவர், நம்ம ஆறு பேருமே வாயுள்ள ஆளுங்களா இருக்கோமே, கவனிச்சீங்களா?"

"வாய் இருந்தாத்தானே நல்லாச் சாப்பிட முடியும்? நல்லாச் சாப்பிட்டாத்தானே கொழுப்பு வரும்?" என்றார் டிரைவர். ஆறு பேரும் சிரித்தார்கள். பட்டாசும் சிரித்துவிட்டு அதை அப்படியே விட்டுவிட்டாள். அன்றைக்கே விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்று பிற்பாடு எத்தனை தடவை நினைத்தாளோ கணக்கில்லை.

இதற்கிடையில் கேன்டீனில் ஆறு பேருடைய பொரித்த கோழி தினமும் மிச்சமானது. கேன்டீன் அக்காவுக்கு எதையும் வீணாக்க மனசு வராது. கூச்சல் போடாமல் சாப்பிடுகிற ஆளாகப் பார்த்து வைப்பாள். "உனக்குத்தான் கொழுப்பே இல்லையேப்பா, சாப்பிடு" என்று பஞ்சுவின் தட்டில் இரண்டு துண்டு கூடுதலாக விழும். அவர் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. வேண்டாம் என்ற வார்த்தையே அவருக்குத் தெரியாது. வீட்டிலும் அதே கதைதான். தான் வாயைக் கட்டினால் அவரும் ஏன் கட்ட வேண்டும் என்று பட்டாசு தனக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு, அவருக்கு வெண்ணெயில் இரண்டு முட்டை பொரித்து வைத்தாள். அன்பாகத்தான் வைத்தாள்.

மூன்று மாதம் முடிந்து மறுசோதனைக்கு வரச்சொன்னார்கள். கிளினிக் இரண்டு தெரு தள்ளி, ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில். வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு, மறுநாள் முடிவு கேட்கப் போனாள்.

டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். "நூத்தி அறுபத்தஞ்சு. ரொம்ப நல்லா இருக்கு. முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?"

"அது உங்களுக்குத்தானே தெரியும்?"

டாக்டரம்மா கோப்பைப் புரட்டினாள். ஒரு பெரிய தாளை வெளியே எடுத்து மேசையில் விரித்தாள். வரிசையாகப் பணியாளர் எண்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு என்று மூன்று கட்டங்கள். சர்க்கரைக் கட்டம் மேலிருந்து கீழ் வரை காலி. ரத்த அழுத்தமும் காலி. கொழுப்பு மட்டும் கூடத்தில் வேலைபார்க்கும் பத்தொன்பது பேருக்கும் சிவப்பு மையில் நிரப்பியிருந்தது. அளவைச் சொல்லும் எண் ஒன்றுகூடக் கிடையாது. "அதிகம்." "கொஞ்சம் உண்டு." "இப்போதுதான் வருகிறது." "மிக அதிகம்", அடியில் இரண்டு கோடு.

அந்தக் கோணல் கையெழுத்தை அவளுக்குத் தெரியாதா? பதினொரு வருடமாகத் தன் லீவுத் தாளில் "முடியாது" என்று எழுதுகிற கையெழுத்து.

"இது யார் நிரப்பினது?" டாக்டரம்மா நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"ரத்தம் எடுக்க வண்டி அனுப்பினோம் டாக்டர். மெஷினை நிறுத்த முடியாது, ஆளை விடமாட்டேன்னுட்டாரு அந்தச் சூப்பர்வைசர். பழைய ரிப்போர்ட் இருக்கற வரைக்கும் நிரப்பி அனுப்புங்கன்னு தாளைக் கொடுத்தேன். அவர் அனுப்பினதைப் பார்த்து அப்படியே பட்டியல் போட்டுட்டோம்."

"எண்ணே இல்லாமலா?" டாக்டரம்மாவின் குரல் இறங்கியது. வெட்கப்பட்டாள் என்பதற்காகவாவது பட்டாசு அவளை அப்போதைக்கு விட்டாள்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. மூன்று மாதம் பீன்ஸ் தின்றது ஒரு முட்டாளின் சிவப்பு மைக்காகவா? பிறகு கோபம் வந்தது. வாயைத் திறந்து கேள்வி கேட்டவர்களுக்கெல்லாம் ரத்தத்தில் கொழுப்பு என்று எழுதியிருக்கிறான் அந்த ஆள். எழுதட்டும், அதனால் தனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, கணுக்கால்தான் வற்றியது. அப்படி நினைத்துக்கொண்டே விரலைக் கீழே இறக்கினாள். பதினான்காவது வரி. பஞ்சுவின் எண். "சுத்தமாக இல்லை."

"டாக்டர், ஒருத்தருக்குக் கொழுப்பு சுத்தமா இல்லாம இருக்குமா?"

"கொழுப்பே இல்லாம யாரும் உயிரோட இருக்க முடியாதும்மா. எல்லாருக்கும் கொஞ்சம் வேணும். அளவு மீறினாத்தான் ஆபத்து. அதுவும் வெளியில தெரியாது. ஒல்லியா இருக்கலாம், வலியே இருக்காது. ரத்தத்தைப் பார்த்தாத்தான் உண்டு."

பட்டாசு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். மறுநாள் காலை பஞ்சுவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்த மாடிப்படி ஏறினாள். அவர் நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். நேற்று வரை அவள் அதைக் கவனித்ததே இல்லை. அன்று ரத்தம் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் காலை முடிவு கேட்க இருவரும் மறுபடி ஏறினார்கள்.

இருநூற்று எழுபத்தெட்டு.

"கெட்ட கொழுப்பும் ரொம்ப ஜாஸ்தி" என்றாள் டாக்டரம்மா. அண்ணனைப் பற்றிக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தாள். "பயப்படாதீங்க, இப்பவாவது தெரிஞ்சதே. வெண்ணெய், பொரிச்சது, கொழுப்புள்ள கறி எல்லாத்தையும் நிறுத்துங்க. பயறு, காய், ஓட்ஸ், பழம். தினமும் அரை மணி நேரமாவது வேகமா நடக்கணும். வேலை நேரத்துலயும் ஒரேடியா உட்கார்ந்திருக்கக் கூடாது. மூணு மாசத்துல குறையலைன்னா மாத்திரை. இதுல விளையாட்டு வேண்டாம்."

இவளுக்குக் கொடுத்த அதே பட்டியல். ஒரு பருப்புகூட மாறவில்லை. மூன்று மாதமாகப் பஞ்சுவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய சாப்பாட்டை இவள் சாப்பிட்டிருக்கிறாள். இவள் தட்டிலிருந்து போன கோழியை அவர் சாப்பிட்டிருக்கிறார். அவர் நடந்திருக்க வேண்டிய முற்றத்தை இவள் சுற்றி வந்திருக்கிறாள். படியிறங்கும்போது பட்டாசுக்கு வெண்ணெய் முட்டை ஞாபகம் வந்தது. தொண்ணூறு நாள், நாளுக்கு இரண்டு.

"என் கையாலேயே வச்சேன்" என்று தெருவில் நின்று அழுதாள். பட்டாசு அழுது பஞ்சு பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அவர், ஆறுதல் சொல்லத் தெரியாமல்.

"நல்லா இருந்துச்சா? உங்க தலையில கொள்ளி வச்சிருக்கான் அந்த ஆளு! வாயைத் திறக்காதவனுக்குக் கொழுப்பு இல்லையாம். யோசிச்சுப் பாருங்க, நீங்க விழுந்திருந்தா அதுக்கும் விசில் ஊதியிருப்பான். அந்த விசிலைப் பிடுங்கி அவன் வாயிலேயே திணிக்கறேனா இல்லையா பாருங்க!" கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். பஞ்சு பின்னாலேயே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீ பேசினா உனக்குக் கொழுப்புன்னுதான் சொல்வாரு. அதோட போயிரும்."

"அதுக்குச் சும்மா விடச் சொல்றீங்களா?"

"இல்லை. இது என் கொழுப்பு. நான் பேசறேன்."

அவளுக்கு நம்பிக்கை இல்லை. இருபது வருடக் குடித்தனத்தில் கடைக்காரன் அழுகிய தக்காளி போட்டால்கூடத் திருப்பிக் கொடுக்காத மனிதர். மடிப்பு மேசையில் நின்றபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, சாப்பாட்டு வேளை வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கேன்டீன் அக்கா வைத்த கோழியைப் பஞ்சு தொடவில்லை. கிளினிக்கிலிருந்து வரும் வழியில் வாங்கிய அவித்த பயறைச் சாப்பிட்டுவிட்டு, எழுந்து, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த விசில் சாரின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். கதவு திறந்துதான் இருந்தது.

"சார், எனக்கும் மஞ்சள் அட்டை வேணும்."

விசில் சார் நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு எதுக்குய்யா? உனக்குச் சுத்தமா இல்லைன்னு நானே என் கையால எழுதிக் கொடுத்தேனே. நட்சத்திரம்கூடப் போட்டிருக்காங்களே."

"ரத்தம் எடுக்காம எப்படி சார் எழுதினீங்க?"

"ரத்தம் எதுக்கு? ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷம்னா எத்தனை விரிப்பு நின்னு போகும்? பதினொரு வருஷமா உங்களை எல்லாம் பார்க்கறேன், யாருக்கு எவ்வளவு கொழுப்புன்னு எனக்குத் தெரியாதா? வாயில வர்றது ரத்தத்துல இல்லாமலா வரும்? உன் சம்சாரத்தையே எடுத்துக்கோ." அவர் உண்மையாகவே நம்பித்தான் சொன்னார். "நீ ஒரு நாளாவது எதிர்த்துப் பேசியிருக்கியா? தங்கமான ஆளு."

"எங்க அண்ணனும் தங்கமான ஆளுதான் சார்" என்றார் பஞ்சு. "நாப்பத்துநாலு வயசுல படிக்கட்டுல விழுந்து செத்தாரு. எனக்கு இப்ப நாப்பத்துமூணு."

இஸ்திரி உருளையிலிருந்து வந்த விரிப்பு மடிப்பு மேசையில் அப்படியே கிடந்தது. ஒருவரும் தொடவில்லை.

விசில் சார் இருமினார். "சரி, சரி. அடுத்த வருஷப் பட்டியல்ல பார்க்கலாம். மூட்டை வந்து கிடக்குது, போய் உட்காரு."

"உட்கார்றதுதான் சார் ஆகாது. நடக்கணும். கால் மணி நேரம், தினமும், இன்னிலேர்ந்து."

விசில் சார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். பதினொரு வருடத்தில் அந்த மேசைக்கு முன்னால் இந்த மனிதர் சொன்ன மொத்த வார்த்தையும் இவ்வளவு இருக்காது.

"என்னய்யா இது? உனக்கும் கொழுப்பு ஏறிப்போச்சா?"

"ஆமா சார்" என்றார் பஞ்சு. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, மடிப்பை நீவி, மேசையில் வைத்தார். "இருநூத்தி எழுபத்தெட்டு. ரொம்ப நாளாவே இருந்திருக்கு. நான் வாயைத் திறக்காததால உங்களுக்குத் தெரியலை."

அவர் திரும்பி, தையல் மூலையைத் தாண்டி, ஸ்டூலைத் தாண்டி, முற்றத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். பின்னால் விசில் ஊதியது. ஒரு தடவை, இரண்டு தடவை, பிறகு விடாமல். டிரைவரும் கையுறைக்காரியும் முற்றத்தில் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கிச் சேர்ந்து நடந்தார்கள்.

அன்றைக்குப் பட்டாசு நடக்கப் போகவில்லை. விரிப்பின் ஓரத்தைக் கையில் பிடித்தபடி, சன்னல் வழியாக அவர் போடும் சுற்றுகளை எண்ணிக்கொண்டு நின்றாள்.